ஒப்புக்குச் சப்பாணி: சிறார் சமூகத்தகைமைக் குழுக்களும் கூட்டேரிப்பட்டு வட்டாரமும்

ஆய்வுச்சுருக்கம்

பிறரோடு பழகுவதில் இடர்ப்படும் சிறாருக்காகச் சிகிச்சையாளர் முன்னின்று நடத்தும் சிறு குழுக்கள், ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக மேலைநாடுகளில் உருவாகி வளர்ந்தவை. அவற்றின் அமைப்பையும் அவை தரும் பயன் பற்றிய ஆய்வு முடிவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட கூட்டேரிப்பட்டு போன்ற சிற்றூர்ச் சூழலில் அம்முறையை எவ்வாறு கையாளலாம் என்பதையும் ஆராய்கிறது. மருத்துவமனை அறைக்குள் குழந்தைக்கு மட்டும் கற்பிக்கும் குழுவைவிட, அக்குழந்தையின் வகுப்புத் தோழரையும் உட்படுத்திப் பள்ளியிலேயே நடத்தும் குழுவே இங்குப் பொருந்தும் என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சமூகத்தகைமை, குழுச் சிகிச்சை, ஆட்டிசம், தோழர்வழிப் பயிற்சி, சிறுவர் விளையாட்டு, கூட்டேரிப்பட்டு

முன்னுரை

தமிழகச் சிற்றூர்ச் சிறுவர் விளையாட்டுகளில் ஓர் ஏற்பாடு உண்டு. ஆட்டத்தின் விதி தெரியாத குழந்தை, ஓட முடியாத குழந்தை, தம்பி தங்கை என்ற உரிமையால் உடன் வந்துவிட்ட குழந்தை ஆகியோரை விரட்டாமல் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வர். ஆனால், அக்குழந்தையைத் தொட்டாலும் ‘அவுட்’ இல்லை. அக்குழந்தை பிறரைத் தொட்டாலும் செல்லாது. இவ்வாறு சேர்க்கப்படும் குழந்தைக்கு ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று பெயர். பேச்சு வழக்கில் இது ‘உப்புக்குச் சப்பாணி’ என்றும் திரியும். கனிவும் புறக்கணிப்பும் ஒருசேரக் கலந்த ஏற்பாடு இது. குழந்தை ஆட்டத்திற்குள் நிற்கிறது. ஆயினும் ஆட்டத்தில் இல்லை.

வயது ஏற ஏறப் பெரும்பாலான குழந்தைகள் இந்நிலையைக் கடந்துவிடுகின்றனர். சிலர் கடப்பதில்லை. ஆட்டிசம் உடையோர், கவனக்குறைவும் மிகையியக்கமும் உடையோர், அறிவுத்திறன் வளர்ச்சி குன்றியோர், பேச்சு தாமதப்பட்டோர், எந்தப் பெயரும் சூட்டப்படாமல் வெறுமனே ஒதுங்கி நிற்போர் எனப் பலரும் இதில் அடங்குவர். பத்து வயதிலும் ஒப்புக்குச் சப்பாணியாகவே நிற்கும் குழந்தையை எண்ணிக்கைக்குள் கொண்டுவருவது எவ்வாறு என்பதே, சிகிச்சையாளர் நடத்தும் சமூகத்தகைமைக் குழுக்கள் எதிர்கொள்ளும் வினா.

சமூகத்திறனும் சமூகத்தகைமையும்

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பரவலான வழக்கம். உளவியலாளர் ரிச்சர்டு மெக்ஃபால் 1982-இல் இவற்றைப் பிரித்துக் காட்டினார். வணக்கம் சொல்லுதல், முறை வரும்வரை காத்திருத்தல், உதவி கேட்டல் போன்ற தனித்தனிச் செயல்கள் சமூகத்திறன்கள். அச்செயல்களைக் கண்ட பிறர், ‘இவன் பழகத் தெரிந்தவன்’ என்று வழங்கும் மதிப்பீடே சமூகத்தகைமை. ஆகவே, திறன் குழந்தையிடம் உள்ளது. தகைமையோ குழந்தைக்கும் அதனைச் சூழ்ந்தோருக்கும் இடையில் உள்ளது. இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டால், குழந்தைக்கு மட்டும் பயிற்சி தந்து தகைமையை உண்டாக்கிவிட முடியாது என்பதும் உடன் பெறப்படும்.

ஃபிராங்க் கிரஷாம் காட்டிய மற்றொரு வேறுபாடும் இங்கு இன்றியமையாதது. ஒரு செயலைக் குழந்தை அறியவே இல்லை என்பது ஒரு வகைக் குறை. அறிந்திருந்தும் உரிய இடத்தில் செய்வதில்லை என்பது வேறு வகைக் குறை. முன்னதற்குக் கற்பித்தல் வேண்டும். பின்னதற்குக் கற்பித்தல் பயன்தராது. செய்வதற்கான வாய்ப்பும், செய்தபோது கிடைக்கும் ஏற்பும் வேண்டும். ‘சொன்னால் தெரிகிறது, செய்யத்தான் மாட்டேன் என்கிறான்’ என்று ஆசிரியர்கள் குறைகூறும் குழந்தைகளுள் பலர் இரண்டாம் வகையினர். அவர்களுக்கு அறிவுரை வகுப்பு நடத்துவது வீண்.

தமிழ் மரபு குழந்தையின் சமூக வளர்ச்சியைக் கவனிக்காமல் இல்லை. பிள்ளைத்தமிழின் பருவ வைப்பு இதற்குச் சான்று. சப்பாணிப் பருவத்தில் குழந்தை கைகொட்டுகிறது. வாரானைப் பருவத்தில் அழைப்பிற்கு எதிர்வினை புரிகிறது. அம்புலிப் பருவத்தில் தாய் சுட்டும் நிலவைத் தானும் நோக்குகிறது. ஒருவர் சுட்டும் பொருளை மற்றொருவரும் சேர்ந்து நோக்குவதை இன்றைய உளவியல் ‘இணைக் கவனம்’ என்கிறது. ஆட்டிசத்தைத் தொடக்கத்திலேயே இனங்காண இது முதன்மையான அடையாளங்களுள் ஒன்று. சிற்றில் பருவத்தில்தான் சக குழந்தைகளின் உலகம் திறக்கிறது, அதுவும் பூசலோடு. சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிறுவன் சிதைக்கிறான், அவர்கள் கெஞ்சுகின்றனர். பழகுதல் என்பது பிணக்கையும் உள்ளடக்கியது என்பதைப் புலவர்கள் அறிந்திருந்தனர். விளையாட்டில் ஒருபோதும் சண்டையிடாத குழந்தை பெரும்பாலும் நல்ல பிள்ளை அன்று, தனித்த பிள்ளை.

குழுமுறையின் வளர்ச்சி

நியூயார்க்கில் யூதர் காப்பு வாரியம் என்னும் தொண்டு நிறுவனத்தில் 1934-இல் சாமுவேல் சிலாவ்சன் தொடங்கிய ‘செயற்பாட்டுக் குழுச் சிகிச்சை’யை இத்துறையின் தொடக்கமாகக் கொள்வர். மரவேலைக் கருவிகள், வண்ணங்கள், தின்பண்டம் ஆகியவற்றோடு சிறு குழுவாகக் குழந்தைகளைக் கூட்டி, பெரியவர் ஒருவர் குறைவாகவே குறுக்கிட்டு, உடனிருப்பது அவரது முறை. அதே 1934-இல் ஜேக்கப் மொரீனோ, ஒரு வகுப்பில் யார் யாரைத் தெரிவு செய்கின்றனர் என்பதை வரைபடமாக்கும் சமூகஅளவியலை நூலாக வெளியிட்டார். இவ்விரண்டும் ஒன்றை ஒன்று நிரப்புவன. ஆயினும், பின்வந்த பல பத்தாண்டுகளில் அவை தனித்தனி வழியே சென்றுவிட்டன.

1970-களில் கற்றல் கோட்பாட்டின் செல்வாக்கால் குழு வகுப்பறையின் வடிவைப் பெற்றது. ஆர்னால்டு கோல்டுஸ்டைன் வகுத்த முறையில், ஒவ்வொரு திறனும் சில படிகளாகப் பிரிக்கப்பட்டு, செய்துகாட்டல், நடித்துப் பார்த்தல், கருத்துரைத்தல், வீட்டில் பழகுதல் என்ற வரிசையில் கற்பிக்கப்படும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஃபிரெட் ஃபிராங்கெல் குழந்தைகளுக்கான நட்புப் பயிற்சியை உருவாக்கினார். அதன் தொடர்ச்சியாக எலிசபெத் லாகெசன் பதின்வயதினருக்கான ‘பியர்ஸ்’ திட்டத்தை உருவாக்கினார். குழந்தைகள் ஓர் அறையில் கூடும் அதே நேரத்தில் பெற்றோர் மற்றோர் அறையில் கூடி, வார இடைவெளியில் எதை எவ்வாறு துணைநின்று பழக்குவது என்று கற்பது இத்திட்டங்களின் சிறப்பு.

டேனியல் லெகாஃப் 2004-இல் வெளியிட்ட லெகோ முறை வேறு வழியில் வந்தது. காத்திருப்பு அறையில் இரு குழந்தைகள் தாமாகவே லெகோ கட்டைகளைக் கொண்டு உரையாடத் தொடங்கியதைக் கண்டு அவர் அதனை உருவாக்கினார். ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்லும் பொறியாளர், ஒருவர் கட்டைகளை எடுத்துத் தருபவர், ஒருவர் பொருத்துபவர். மூவரும் பேசாமல் வேலை நடவாது. இங்குப் பாடம் என்று எதுவும் இல்லை; வேலையே பாடம். விலையுயர்ந்த கட்டைகள் இதற்குக் கட்டாயம் இல்லை. பங்குனி உத்திரத் தேர் பார்த்து வளரும் மயிலம் பகுதிச் சிறுவர்க்கு அட்டையாலும் குச்சியாலும் சிறுதேர் கட்டும் வேலையே போதும். படம் ஒருவர் கையிலும், பொருள் ஒருவர் கையிலும், பசை ஒருவர் கையிலும் இருக்க வேண்டும் என்பதே விதி.

குழு நடைபெறும் முறை

பெரும்பாலான திட்டங்களில் நான்கு முதல் எட்டுக் குழந்தைகள் உள்ளனர். இருவர் நடத்துவர், ஒருவர் பேச, மற்றவர் குழந்தைகளைக் கவனிப்பார். வாரம் ஒருமுறை, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், பத்து முதல் பதினாறு வாரங்கள் வரை அமையும். வயது இடைவெளி மூன்று ஆண்டுகளுக்குள் இருப்பதும், மொழித்திறன் ஏறத்தாழ ஒத்திருப்பதும் விரும்பத்தக்கவை. ஒரே நிகழ்ச்சிநிரல் ஒவ்வொரு வாரமும் திரும்ப வருவது அலுப்பூட்டுவதுபோல் தோன்றும். ஆனால், அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமையே பல குழந்தைகளின் அச்சத்திற்கு வேர் என்பதால், அந்த மாறாமையே சிகிச்சையின் ஒரு பகுதி.

நடைபெறும் விளையாட்டில் சேர்வது என்ற ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொள்வோம். எளிதாகத் தோன்றும் இச்செயல், குழந்தைப் பருவத்தின் மிகக் கடினமான செயல்களுள் ஒன்று. மார்த்தா புட்டாலஸ், ஜான் காட்மன் ஆகியோர் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், பிறரால் விரும்பப்படாத குழந்தைகள் குழுவில் நுழையும்போது தம்மைப் பற்றிப் பேசியோ, கேள்வி கேட்டோ, மறுத்துப் பேசியோ கவனத்தைத் தம்பக்கம் திருப்ப முயல்வது புலப்பட்டது. விரும்பப்படும் குழந்தைகளோ, அங்கு ஏற்கெனவே நடப்பதற்கு இயைந்த ஒன்றைச் சொல்லி உள்ளே சென்றனர். எனவே குழுவில் இத்திறன் இவ்வாறு பிரிக்கப்படும்: சற்றுத் தள்ளி நின்று பார்த்தல், ஆட்டம் என்ன என்று புரிந்துகொள்ளுதல், ஓர் இடைவெளி வரும்வரை காத்தல், ஆட்டத்தோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்லுதல், மறுக்கப்பட்டால் பூசலிடாமல் விலகுதல்.

கடைசிப் படியே முதன்மையானது என்பர். பலராலும் விரும்பப்படும் குழந்தைகள்கூடச் சில வேளை மறுக்கப்படுகின்றனர். ஒருமுறை மறுக்கப்பட்டதை என்றென்றைக்குமான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் குழந்தைக்கு, மறுப்பு இயல்பானது என்று தெரிவதே பெரிய விடுதலை. சிகிச்சையாளரும் துணையாளரும் முதலில் தவறாகச் சேர்வது எப்படி என்று நடித்துக்காட்டுவர், குழந்தைகள் சிரிப்பர். பிறகு சரியாக நடித்துக்காட்டுவர். பின்னர் ஒவ்வொருவரும் முயல்வர். அதன்பின் உண்மையான விளையாட்டு நடக்கும். சிகிச்சையாளர் ஓரமாக நின்று, தேவைப்படும்போது மட்டும் காதோடு ஒரு சொல் சொல்வார்.

ஆய்வுகள் கூறுவன

பயன் உண்டா என்ற வினாவிற்குக் கிடைக்கும் விடை நேரானதன்று. 2012-இல் வெளியான காக்ரேன் திறனாய்வு, ஆட்டிசம் உடைய சிறாருக்கான குழுக்கள் பற்றித் தகுதிபெற்ற ஐந்து ஆய்வுகளையே கண்டது. மொத்தப் பங்கேற்பாளர் 196 பேர். அனைத்தும் அமெரிக்காவில் நடந்தவை. சமூகத்தகைமையிலும் நட்பின் தரத்திலும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. பிறர் முகத்தில் உணர்ச்சியை அறிவதில் தெரியவில்லை. சுவீடனில் 296 சிறாரிடம், வழக்கமான உளநல மருத்துவமனைகளிலேயே நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ‘கான்டாக்ட்’ ஆய்வில், பன்னிரண்டு வாரக் குழுவின் பயன் மிதமாகவே இருந்தது; பதின்வயதினரிடமும் சிறுமியரிடமும் அது கூடுதலாகக் காணப்பட்டது.

2017-இல் கேட்ஸ், காங், லெர்னர் ஆகியோர் வெளியிட்ட தொகுப்பாய்வு மேலும் கூர்மையான ஒன்றைச் சொல்கிறது. பயிற்சிபெற்ற சிறாரே தம்மைப் பற்றிச் சொன்னபோது பயன் பெரிதாக இருந்தது. பெற்றோர் சொன்னபோது சிறிதாக இருந்தது. ஆசிரியர் சொன்னபோது இல்லாமலே போயிற்று. சிறாரின் கூற்றில் தெரிந்த பயனும், என்ன செய்ய வேண்டும் என்ற அறிவு கூடியதால் வந்ததே என்று அவர்கள் காட்டினர். அறிவு அறைக்குள் தங்கிவிட்டது. பள்ளி முற்றத்திற்கு வரவில்லை.

இதற்கான மாற்றுவழியை கோனி கசாரியும் அவர் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு சுட்டுகிறது. ஆட்டிசம் உடைய 60 குழந்தைகள் சாதாரணப் பள்ளிகளிலேயே பயின்றவர்கள். சிலருக்குப் பெரியவர் நேரடியாகத் திறன்களைக் கற்பித்தார். வேறு சிலரின் வகுப்பிலோ, அக்குழந்தைக்கு எதுவும் கற்பிக்காமல், மூன்று வகுப்புத் தோழர்க்கு, ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளை எவ்வாறு கவனித்துச் சேர்த்துக்கொள்வது என்று பயிற்சி தரப்பட்டது. யார் அந்தப் பிள்ளை என்று பெயர் சுட்டப்படவில்லை. ஆறு வாரங்களுக்குப் பின் வகுப்பின் நட்பு வலையில் இடம்பெற்றவர்கள், பெரிதும் தோழர் பயிற்சி பெற்ற வகுப்புக் குழந்தைகளே. மெக்ஃபால் சொன்ன வேறுபாடு இங்கு மெய்ப்பிக்கப்படுகிறது: தகைமையை வழங்குவோரிடம் சென்றபோது தகைமை கிடைத்தது.

டேமியன் மில்டன் 2012-இல் முன்வைத்த ‘இருவழிப் புரிதற் சிக்கல்’ என்னும் கருத்தும் இதனோடு இயையும். ஆட்டிசம் உடையவர் பிறரைப் புரிந்துகொள்ளவில்லை என்பது பாதி உண்மை. பிறரும் அவரைப் புரிந்துகொள்வதில்லை என்பது மறுபாதி. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் ஆட்டிசம் உடையோர் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ எனக் குறிக்கப்படுகின்றனர். இக்கலைச்சொல் குறை முழுவதையும் குழந்தையின் உள்ளே வைத்துவிடுகிறது. புற உலகை மிகையாக உணர்ந்து, அதன் ஓசையையும் ஒளியையும் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையை அச்சொல் எவ்வாறு விளக்கும்? ‘மதியிறுக்கம்’ என்ற சொல்லும் சிறந்ததன்று.

மரியாதைச் சொல்லும் விழிநோக்கும்

அயல்மொழிக் கையேடுகளை அப்படியே பெயர்த்துக் கற்பிப்பதில் உள்ள இடர் மொழியிலேயே தொடங்குகிறது. ‘எதிரிலிருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசு’ என்பது பல கையேடுகளின் முதற்பாடம். ஆசிரியரின் முன் தலைதாழ்த்தி நிற்பதே பணிவு எனக் கருதும் ஊரில், இப்பாடத்தைக் கற்ற குழந்தை ‘முறைக்கிறான்’ என்ற பெயரைப் பெறக்கூடும்.

ஆங்கிலக் கையேட்டில் இடம்பெறவே இயலாத பாடங்களும் உள்ளன. ஆங்கில முன்னிலைப் பெயர் ஒன்றே. தமிழ்க் குழந்தையோ ‘நீ’, ‘நீங்க’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். வினைமுற்றும் அதற்கேற்ப மாற வேண்டும். கடைக்காரரை அண்ணா என்பதா, மாமா என்பதா. பூ விற்பவரை அக்கா என்பதா, ஆயா என்பதா என்பதை வயது, உறவு, பழக்கம் ஆகியவற்றை ஒரு நொடியில் எடைபோட்டு முடிவுசெய்ய வேண்டும். எழுதப்படாத இவ்விதிகளை மற்றக் குழந்தைகள் கேட்டுக் கேட்டே பெறுகின்றனர். சமூகக் குறிப்புகளைத் தானாக உணராத குழந்தை தலைமையாசிரியரிடம் ‘நீ எங்க போற?’ என்று கேட்டுவிடுகிறது. அது நோயின் குறியாக அன்றி வளர்ப்பின் குறையாகவே எண்ணப்படும்; பழி தாயின்மேல் விழும். ஆகவே விளிச்சொற்களைத் தனிப்பாடமாகக் கற்பிப்பது தமிழ்க் குழுவின் கடமை. கூட்டேரிப்பட்டின் வாரச்சந்தை இதற்கு வாய்த்த பயிற்சிக்களம். விலை கேட்டல், மீதிச் சில்லறைக்குக் காத்தல், வேண்டாம் என்று சொல்லி நகர்தல் ஆகிய மூன்றையும் அங்கே ஒரே நடையில் பழகலாம்.

தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடும் கருதத்தக்கது. முன்னது கேட்போரையும் உட்படுத்தும், பின்னது விலக்கும். ‘நாம கிளித்தட்டு ஆடலாம்’ என்பதற்கும் ‘நாங்க கிளித்தட்டு ஆடப் போறோம்’ என்பதற்கும் இடையே நிற்கும் குழந்தைக்கு, அழைப்பும் விலக்கலும் ஓர் எழுத்தில் உள்ளன. தோழர்க்கான பயிற்சியில் இவ்வொரு சொல்மாற்றத்தையே ஒருநாள் பாடமாக வைக்கலாம்.

மரபு விளையாட்டுகளும் தரப்படுத்தப்பட்டால் பயன்படும். பல்லாங்குழியில் முறை மாறுவது கண்ணுக்குத் தெரியும், இருவரே போதும், பேச்சு குறைவு. எனவே அது தொடக்க வாரங்களுக்கு ஏற்றது. கிளித்தட்டில் அணியும் தந்திரமும் உண்டு. அது இறுதி வாரங்களுக்கு. யார் முதலில் பிடிப்பது என்பதைத் தீர்மானிக்கும் ‘சா பூ த்ரீ’யும் சிறிய சடங்கன்று. தோல்வியை யார்மேலும் பழி சுமத்தாமல் ஏற்கச் செய்யும் நடுவர்முறை அது.

கூட்டேரிப்பட்டு: தொலைவும் கூலியும்

கூட்டேரிப்பட்டு, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்திற்குத் தெற்கே, மயிலம் வழியாகப் புதுச்சேரிக்குச் செல்லும் சாலை பிரியும் இடத்தில் உள்ளது. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனையும், விழுப்புரம் செல்லும் வழியில் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும், புதுச்சேரியில் ஜிப்மரும் உள்ளன. எனவே, இவ்வூர் மருத்துவ வசதியற்ற ஊர் அன்று. ஆனால் சமூகத்தகைமைக் குழு, ஒருமுறை சென்று மருந்து வாங்கி வருவது போன்றதன்று. பன்னிரண்டு வாரக் குழு என்றால், கூலிவேலை செய்யும் தாய்க்குப் பன்னிரண்டு நாள் கூலி இழப்பு. நடவும் அறுவடையும் நிலக்கடலை பறிப்பும் வரும் வாரங்களில் அவ்விழப்பை ஏற்க இயலாது. நான்காம் வாரத்தில் வருகை நின்றுவிட்டால் அதனை அக்கறையின்மை என்று கோப்பில் எழுதுவது நியாயமன்று.

சட்டமும் திட்டமும் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகியவற்றை உள்ளடக்கி 21 வகைகளை ஏற்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளை ஆண்டிற்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளை ஒருமுறையும் பார்வையிட்டு, வளர்ச்சித் தாமதம் உடையோரை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்ப வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் உள்ளனர். கண்டறிவதற்கான வழி இருக்கிறது. கண்டறிந்தபின் வாரந்தோறும் நடக்க வேண்டியதற்கான வழியே மெலிந்துள்ளது. தேவையோ சிறிதன்று: பல்வல், காங்ரா, தேன்கனால், வட கோவா, ஐதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுச் சிறாரிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ எட்டில் ஒரு குழந்தைக்கு நரம்பு வளர்ச்சி சார்ந்த ஒன்பது குறைபாடுகளுள் ஒன்றாவது இருப்பதாகக் கணித்தது. கேள்வி, பார்வைக் குறைபாடுகளும் இக்கணக்கில் அடங்குவதால் அவர்கள் அனைவருக்கும் குழுப் பயிற்சி தேவை என்று பொருளாகாது.

சிகிச்சையாளரின் எண்ணிக்கையை ஓரிரு ஆண்டுகளில் பெருக்க இயலாது. ஆனால் அவரது வேலையின் வடிவை மாற்ற இயலும். இதற்குத் தமிழகத்திலும் அண்டையிலும் முன்மாதிரிகள் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ரசல், ஜான், லட்சுமணன் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அறிவுத்திறன் குறைபாடு உடைய குழந்தைகளின் பெற்றோர் 57 பேர் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர் பத்து வாரம் குழுவாகக் கூடி உரையாடிக் கற்றனர். மற்றவர் விரிவுரை கேட்டனர். உரையாடிக் கற்றவர்களின் மனப்பான்மையே மிகுதியும் மாறியது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 ஆட்டிசக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளிவந்த ஆய்வில், பெற்றோரைப் பழக்கியவர்கள் மருத்துவர் அல்லர். மேற்பார்வையின்கீழ்ப் பயிற்சிபெற்ற பணியாளர்கள். அவ்வாறும் தாய்க்கும் சேய்க்கும் இடையிலான தொடர்பாடல் மேம்பட்டது.

விழுப்புரம் மாவட்டத்திற்கே உரிய ஒரு முன்மாதிரியும் உண்டு. 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். மாலையில், குழந்தையின் தெருவிலேயே, சுமார் இருபது பேருக்கு ஒரு தன்னார்வலர் என்ற அவ்வமைப்பு கற்றல் இழப்பை ஈடுசெய்ய வகுக்கப்பட்டது. குழந்தை இருக்கும் இடத்திற்குக் குழு செல்ல முடியும் என்பதை அது காட்டியது. எனவே மாதம் இருமுறை சிகிச்சையாளர் வருவார். மற்ற வாரங்களில் சிறப்பாசிரியரும் ஒரு வகுப்பாசிரியரும் நடத்துவர். குழுவில் இடர்ப்படும் குழந்தைகள் இருவர் என்றால் தோழர் நால்வர் இருப்பர். பள்ளியின் காலை உணவு நேரமே பழகுநேரமாகலாம். கசாரியின் ஆய்வில் தோழர்கள் பழகியதைச் செய்துபார்த்த இடம் பள்ளி விளையாட்டிடமே. தாய் கூலியை இழக்க வேண்டியதில்லை. தாய்க்கான கூட்டத்தை மாதம் ஒருமுறை, அவர் தெரிவு செய்யும் நாளில் வைத்துக்கொள்ளலாம்.

குழுவில் யார் யார்

குழு எப்போதும் நன்மையே செய்யும் என்ற எண்ணம் தவறானது. தாமஸ் டிஷியனும் உடனாய்வாளரும் 1999-இல் வெளியிட்ட கட்டுரை, முரட்டுநடத்தை உடைய பதின்வயதினரை ஒன்றுகூட்டிப் பயிற்சி தந்தபோது அவர்கள் ஒருவரை ஒருவர் ஊக்கி மேலும் மோசமானதைக் காட்டியது. ‘பிரச்சினைப் பிள்ளைகள்’ அனைவரையும் ஓர் அறையில் கூட்டுவது பள்ளிக்கு வசதி, குழந்தைக்குக் கேடு. அவ்வறைக்குப் போகிறவன் என்ற பெயரும் உடன் சேரும்.

தோழரைத் தேர்வதில் மற்றொரு நுட்பம் உண்டு. மிகவும் புகழ்பெற்ற மாணவர் வேண்டாம். வகுப்புத் தலைவரும் வேண்டாம். அவர்கள் உதவியை மேற்பார்வையாக்கிவிடுவர். பொறுமையும் விளையாட்டில் விருப்பமும் உடைய நடுநிலைப் பிள்ளையே ஏற்றவர்.

இப்பகுதியின் ஊர்களில் ஊர்த்தெருவும் காலனியும் தனித்தனியே உள்ளன. பள்ளி விட்டபின் விளையாட்டுக் கூட்டமும் அவ்வாறே பிரிகிறது. குழுவின் தோழர்கள் அனைவரும் ஒரு பக்கத்தினராக இருந்தால், காலனிக் குழந்தை இருமுறை ஒப்புக்குச் சப்பாணியாகும். சாதியைக் காணாததுபோல் நடந்துகொள்ளும் சிகிச்சைக்கையேடு இங்குப் பயன்படாது. யார் யாருடன் அமர்கிறார், யார் தண்ணீரை யார் எடுத்துக் குடிக்கிறார் என்பன சிகிச்சையாளரின் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டிய செய்திகள். குழந்தை குடியிருக்கும் தெருவிலிருந்து ஒருவராவது தோழர் நால்வருள் இருத்தல் வேண்டும். இல்லையெனில் பள்ளியில் பெற்றது மாலையில் தொடராது.

அளவீடு

வளர்ச்சியை அளக்க இந்தியாவில் மாலின் தழுவியமைத்த வைன்லாண்டு சமூக முதிர்ச்சி அளவுகோலும், 40 கூறுகள் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலும் பயன்படுகின்றன. சான்றிதழ் பெறவும் நிலையை அறியவும் இவை வேண்டும். பன்னிரண்டு வாரத்தில் வரும் சிறு மாற்றத்தை இவை காட்டா. பெற்றோர் சொல்லும் மதிப்பீடும் ஆசிரியர் சொல்லும் மதிப்பீடும் வேறுபடும் என்பதையும் மேற்கண்ட தொகுப்பாய்வு காட்டிவிட்டது.

மொரீனோவின் எளிய வினா இன்றும் கூர்மையானது: ‘யாரோடு விளையாட உனக்குப் பிடிக்கும்?’ ஒவ்வொரு குழந்தையிடமும் தனித்தனியே கேட்டு மூன்று பெயர்களை வாங்கினால் போதும். யாரைப் பிடிக்காது என்று கேட்டல் கூடாது. அக்கேள்வியே விலக்கலைக் கற்பித்துவிடும். இதனோடு, இடைவேளையில் பதினைந்து நிமிடம் தள்ளி நின்று எண்ணுதல் வேண்டும்: குழந்தை எத்தனை நிமிடம் பிறரோடு இருந்தது, யார் அழைத்தார், அழைக்கப்பட்ட ஆட்டத்தில் அக்குழந்தை தொட்டது ‘அவுட்’ எனக் கணக்கில் கொள்ளப்பட்டதா. ஜூன் மாதத்தில் பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து ஒருமுறையும், காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒருமுறையும், அரையாண்டு விடுமுறை முடிந்து திரும்பியபின் ஒருமுறையும் எண்ண வேண்டும். குழு முடிந்து மாதங்கள் கழிந்தபின், சிகிச்சையாளரோ பயிற்சிபெற்ற ஆசிரியரோ அருகில் இல்லாத நாளொன்றில் எடுக்கப்படும் மூன்றாம் எண்ணிக்கையே கருதத்தக்கது.